இரும்பைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்: குவாட் பைக்குக்குப் பழைய டிரெய்லர்

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பழவேற்காட்டுப் பக்கம் உங்கள் மாமாவுக்கு இறால் பண்ணை இருக்கிறது. குளக்கரைகளின் மேல் தீவன மூட்டையும் டீசல் கேனும் கொண்டுபோகப் பழைய குவாட் பைக் (தடித்த டயரும் பைக் போன்ற கைப்பிடியும் உள்ள நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மணலியில் ஒரு காயலான் கடையில் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஒரு காலத்தில் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் சுமந்தது. அதைக் குவாட் பைக்கின் பின்னால் மாட்டி, ஆறடி அகலக் கரையிலும் இளமணலிலும் இழுக்க வேண்டும். அதற்கு எங்கெங்கே பலப்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கும் பலப்படுத்த வேண்டாம் என்பதே என் பதில். திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். டிரெய்லரோடு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இன்னொரு ஆங்கிள் (‘ட’ வடிவ இரும்பு), இன்னொரு சேனல் (‘ப’ வடிவ இரும்பு), இன்னும் கனமான தகடு. ஜெனரேட்டர் டிரெய்லர் தார்ச்சாலையில் ஜீப்புக்குப் பின்னால் பெரிய பாரத்தோடு ஓடச் செய்தது. உங்கள் சுமைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பலம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பலத்தின் எடையைத்தான் குவாட் பைக் சேற்றில் இழுக்கப் போகிறது. கூட்டுகிற ஒவ்வொரு கிலோ இரும்புக்கும் ஒரு கிலோ தீவனம் குறைகிறது.

அதனால் வேலை எடை மேடையில் தொடங்கட்டும். மணலியிலும் மாதவரத்திலும் லாரிகளுக்கான எடை மேடைக்குப் பஞ்சமில்லை. டிரெய்லரை அப்படியே ஏற்றி எடை பாருங்கள். எனக்கு வந்த இந்த வகை டிரெய்லர்கள் வெறும் சட்டமாகவே 300 கிலோவுக்குக் குறைந்ததில்லை. பிறகு குவாட் பைக்கின் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். எவ்வளவு இழுக்கலாம், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் அழுத்தலாம் என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும். இழுக்கும் எடை என்பது டிரெய்லரும் சுமையும் சேர்ந்தது. அதுவும் கெட்டியான சமதரைக்குச் சொன்னது. பிரேக் இல்லாத டிரெய்லரை ஈரக் களிமண் கரையில் இழுப்பதற்கு நான் வைத்திருக்கும் வரம்பு இன்னும் இறுக்கமானது: சுமையோடு சேர்ந்த டிரெய்லர், குவாட் பைக்கின் சொந்த எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சரிவில் இறங்கும்போது பின்னால் வருவது முன்னால் போவதைத் தள்ளும். நடுத்தரக் குவாட் பைக் ஒன்று சுமார் 300 கிலோ. 25 கிலோ தீவன மூட்டை ஏழு ஏற்றினால் 175 கிலோ. மீதி 125 கிலோவுக்குள் டிரெய்லர் அடங்க வேண்டும்.

அடங்குமா? அடங்கும். டிரெய்லரின் தரையில் 5 மி.மீ. செக்கர்டு பிளேட் (வழுக்காமல் இருக்கப் புடைப்பு வைத்த இரும்புத் தகடு) போட்டிருப்பார்கள். இரண்டு மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் அந்தத் தகடு மட்டும் நூறு கிலோவை ஒட்டி வரும். அதைக் கழற்றுங்கள். ஜெனரேட்டர் உட்கார்ந்த பீடம், கூரைக் கம்பிகள், நான்கு மூலையிலும் தொங்கும் ஜாக்குகள், தகட்டு மட்கார்டுகள் எல்லாம் போகட்டும். மிஞ்சுவது சேனல் சட்டம். அது 75 மி.மீ. சேனலாக இருந்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், குறுக்கே நான்கு சேனல் என்று சட்டத்தைச் சுருக்கினால் 48 கிலோவில் முடிந்துவிடும். தரைக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் போதும், அது 11 அல்லது 12 கிலோ. அச்சு 15, சக்கரமும் ஹப்பும் (சக்கரத்தின் நடுக் குடம்) 30, இழுவைத் தண்டு 12, பக்கத் தடுப்பு மீதி. கணக்கு 125-இல் நிற்கிறது. கழற்றிய இரும்பைக் காயலான் கடைக்கே திருப்பிப் போட்டால் பிளைவுட்டுக்கான காசில் ஒரு பகுதி வந்துவிடும்.

70 செ.மீ. அகலம் போதுமா என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்களுக்காக அதையே பிடிக்கச் சொல்கிறேன். முதலாவது, டிரெய்லரின் சக்கரங்கள் குவாட் பைக்கின் பின்சக்கரத் தடத்திலேயே ஓட வேண்டும். மணலோ சேறோ, முன்னால் போன சக்கரம் அமுக்கிய தடத்தில் பின்னால் வரும் சக்கரம் லேசாக உருளும். ஜீப்புக்கான அகல அச்சை அப்படியே விட்டால் டிரெய்லரின் இரண்டு சக்கரமும் தனியே இரண்டு புதுத் தடம் வெட்டும், எஞ்சின் திணறும். ஆறடிக் கரையில் வெளிச்சக்கரம் விளிம்பை உடைத்துக்கொண்டு குளத்தில் இறங்கும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. இரண்டாவது, பெட்டி சக்கரங்களுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்தால் பாரம் தாழ்ந்து நிற்கும். வெளிப்பக்க அகலம் 120 செ.மீ., டயர் அகலம் 20 செ.மீ. என்றால் சக்கர மையங்களுக்கு இடையே 100 செ.மீ. பாரத்தின் மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், அசையாமல் நிற்கும் வண்டி கவிழ 45 பாகை சாய வேண்டும். சக்கரங்களுக்கு மேலே தளம் போட்டு மையத்தை 80 செ.மீ.க்கு ஏற்றினால் 32 பாகையிலேயே கவிழும். ஓட்டத்தில், குழியில் விழுந்து எழும்போது, இரண்டுமே இன்னும் குறையும். மேடு பள்ளத்துக்கு உயரம் வேண்டும் என்று கமான் பட்டைக்கு (அச்சின் மேல் அடுக்கிய ஸ்பிரிங் தகடுகள்) மேலே இன்னும் கட்டை வைத்துத் தூக்குகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். 25 அங்குல டயர் போட்டால் அச்சின் அடியில் 29 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. பண்ணைக் கரைக்கு அது தாராளம்.

கமான் பட்டையையும் எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் பாரத்துக்குப் போட்ட பட்டை, 200 கிலோவுக்கு அசையவே அசையாது. அசையாத ஸ்பிரிங் வெறும் எடை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்குக் காற்றுக் குறைந்த பெரிய டயரே ஸ்பிரிங். சட்டத்தின் அடியில் அச்சை நேராக யூ போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். வெல்டிங்கைவிடப் போல்ட் நல்லது. பாரத்தின் நிலையைப் பார்த்து அச்சை முன்னும் பின்னும் நகர்த்த அது வழி விடும்.

பழைய அச்சை நடுவில் வெட்டிச் சுருக்கி ஒட்டித்தரச் சில பட்டறைகள் ஒப்புக்கொள்ளும். அதற்குச் சம்மதிக்காதீர்கள். முனைகளில் பேரிங் உட்காரும் அச்சுகள் பெரும்பாலும் கரி அளவு கூடிய எஃகு. சூடேற்றாமல் சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால், ஒட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். புதிதாக 40 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று வாங்கி, இரண்டு முனையையும் லேத்தில் 30 மி.மீ.க்குக் கடைந்து வாங்குங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கேட்டால் கம்பி கிடைக்கும். லேத் வேலைக்குத் தொலைவு போக வேண்டாம். 1950-களிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த ஊர் திருவொற்றியூர். அதற்கும் முன்பே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்துவிட்டது; அதுவே பின்னால் அசோக் லேலண்ட் ஆனது. நூலிழை அளவு பார்த்துக் கடையத் தெரிந்த கைகள் இங்கே சின்னச் சின்னத் தெருக்களில்கூட உண்டு. கடையும்போது ஒரு சொல் சொல்லுங்கள்: சதுரம் வட்டமாக மாறும் இடத்தில் கூர்மையான மூலை வேண்டாம், வளைவு விட்டுக் கடையுங்கள் என்று. அச்சு முறிவது எப்போதும் அந்த மூலையில்தான்.

டயருக்கு வருவோம். காற்றழுத்தமும் தரையில் பதியும் பரப்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் பதியும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். உங்கள் டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் 130 கிலோ என்று வையுங்கள். பழைய ஜீப் டயரில் 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு) காற்று இருந்தால் மண்ணைத் தொடும் இடம் 62 சதுர செ.மீ., ஓர் உள்ளங்கை அகலம்கூட வராது. குவாட் பைக் டயரில் 6 பி.எஸ்.ஐ. வைத்தால் 310 சதுர செ.மீ. அதே பாரம் ஐந்து மடங்கு பரப்பில் விரிகிறது. மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் காசிமேட்டு மணலில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தார் ரோட்டில் பறக்கும் அந்த ஒடிசலான சக்கரம், மணலில் கத்தி போல இறங்கும்.

இழுக்கப்படும் சக்கரத்துக்குப் பட்டன், அதாவது டயரின் மேல் உள்ள புடைப்புகள், ஆழமாக இருக்க வேண்டிய தேவை இல்லை. ஆழமான பட்டன் எஞ்சின் சுற்றும் சக்கரத்துக்குத்தான் பிடிப்புத் தரும்; சும்மா உருளும் சக்கரத்தில் அது சேற்றை வாரிக்கொண்டு இழுவையைக் கூட்டும். குவாட் பைக் ஓட்டவிடும் பொழுதுபோக்கு இடங்களில் தேய்ந்தது என்று கழித்துப்போடும் டயர்கள், பக்கச்சுவர் வெடிக்காமல் இருந்தால், உங்களுக்கு அருமையானவை. முன்சக்கரத்துக்கான எட்டு அங்குல அகலம் கேட்டு வாங்குங்கள். ஹப்பில் போல்ட் துளைகளை உங்கள் குவாட் பைக்கின் சக்கரத்துக்குப் பொருந்துமாறு போடச் சொல்லுங்கள். ஹோண்டா, யமஹா, சுஸுகி பெரும்பாலும் நான்கு துளை, 110 மி.மீ. வட்டம், போலாரிஸ் என்றால் 156. குவாட் பைக், டிரெய்லர் இரண்டுக்கும் ஒரே துளை அமைப்பு இருந்தால், நடுப் பண்ணையில் ஒரு சக்கரம் போனாலும் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். காற்று பார்க்கச் சாதாரண மீட்டர் ஆகாது. 5, 6 பி.எஸ்.ஐ. அளவைத் துல்லியமாகக் காட்டும் குறைந்த அழுத்த மீட்டர் தனியாக வாங்க வேண்டும்.

இனி கொக்கி. இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் மீஞ்சூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு இதே போல ஒரு டிரெய்லர் செய்து கொடுத்தேன். காருக்குப் போடும் பந்துக் கொக்கியையே மாட்டினேன். மழைக்காலத்தில் ஒரு நாள் டிரெய்லரின் ஒரு சக்கரம் வரப்பிலிருந்து வழுக்கி இறங்கியது. டிரெய்லர் கவிழ்ந்தது. பந்து அவ்வளவு தூரம் திரும்ப இடமில்லை. இழுவைத் தண்டு குவாட் பைக்கையும் சேர்த்து முறுக்கிப் புரட்டியது. ஓட்டிய பையன் எதிர்ப்பக்கம் குதித்ததால் கால் பிழைத்தது. செய்தி கேட்டு நான் போய்ப் பார்த்தபோது வண்டி தலைகீழாகக் கிடந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு முறுக்குச் சுழல் இல்லாத கொக்கியோடு எந்த டிரெய்லரையும் மண்ணுக்கு அனுப்பியதில்லை.

கொக்கிக்கு மூன்று அசைவு வேண்டும். இடம் வலமாகத் திரும்பச் செங்குத்தாக நிற்கும் ஒரு பின் (இணைப்பு ஊசி). மேலும் கீழும் ஆடக் கிடையாகப் படுத்த இன்னொரு பின். மூன்றாவது, டிரெய்லர் தன் நீளவாக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் புரள விடும் சுழல். இதைச் செய்வது கடினமில்லை. இழுவைத் தண்டின் முன்முனையில் 20 செ.மீ. நீளத்துக்குத் தடித்த குழாய் ஒன்றை வையுங்கள். உள்ளே இரண்டு கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உள்வளையம்), அதில் சுழலும் 40 மி.மீ. ஷாஃப்ட் (உருண்டைத் தண்டு), பின்பக்கம் தடித்த வாஷர், பள்ளம் வெட்டிய நட், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின். குழாயின் முதுகில் ஒரு கிரீஸ் நிப்பிள். டிரெய்லர் முழுவதுமாகக் கவிழ்ந்தாலும் ஷாஃப்ட் சுழலும், குவாட் பைக் நான்கு காலில் நிற்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு சக்கரம், ஒரு சுழல் முனை என்று மூன்று புள்ளியில் நிற்கும் சட்டத்தைக் கரடுமுரடான தரை முறுக்காது. சட்டத்தைப் பலப்படுத்த வேண்டாம் என்று நான் துணிந்து சொல்வதற்கு இதுவே காரணம்.

கொக்கியின் உயரம் குவாட் பைக்கின் பின் அச்சுக்கு மேலே போகக் கூடாது. சாமான் வைக்கும் பின்கேரியரில் கயிறு கட்டி இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் சேற்றில் சிக்கி, ஆக்சிலரேட்டரைக் கூட்டினால், முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்க விழும். உங்கள் மாமாவின் ஆட்களுக்கு இதை நேரில் சொல்லிவிடுங்கள்.

முன்பாரம், பின்பாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தாத்தா மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டியவர். கொத்தவால் சாவடிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பு, அங்கே வந்து நின்ற வண்டிகளை அவர் பார்த்தே சொல்லுவாராம், எது பின்பாரம் என்று. பின்பாரம் ஏறிய வண்டியில் ஏர்க்கால் (நுகத்தடி வரை நீளும் முன்தண்டு) மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி கழுத்தில் புண்ணாக்கும். வண்டிக்காரர் மூட்டையை ஒரு சாண் நகர்த்தி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் மாட்டைப் பூட்டுவார். குவாட் பைக்குக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டும். 300 கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ. கையேட்டில் கொக்கிப் பார வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் மூட்டையைக் குறையுங்கள். பின்பாரமானால் டிரெய்லர் குவாட் பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கும், பின்சக்கரம் பிடிப்பை இழந்து சும்மா சுற்றும், இறக்கத்தில் வால் ஆட்டும். இரண்டு மீட்டர் பெட்டியில் அச்சுக்கு முன்னால் 120 செ.மீ., பின்னால் 80 செ.மீ. என்று வைத்தால் ஏறத்தாழச் சரியாக வரும். பிறகு மூட்டை ஏற்றிய நிலையில், டிரெய்லர் மட்டமாக நிற்க, கொக்கியின் கீழே ஒரு மேடைத் தராசை வைத்துப் பாருங்கள். மிஞ்சினாலும் குறைந்தாலும் யூ போல்ட்டைத் தளர்த்தி அச்சை நகர்த்தலாம்.

பெட்டியின் முன்விளிம்பிலிருந்து கொக்கிப் பின் வரை 90 செ.மீ. விடுங்கள். அதைவிடக் குட்டையானால் குறுக்கத் திரும்பும்போது பெட்டியின் மூலை குவாட் பைக் டயரைக் கடிக்கும். கரையில் பின்னோக்கி எடுக்கும்போது கண் இமைப்பதற்குள் மடங்கும். இழுவைத் தண்டைச் சட்டத்தோடு வெல்டிங் செய்யாமல் 8.8 என்று தலையில் முத்திரை உள்ள போல்ட்டுகளால் இணையுங்கள். அப்போது கழற்றி மினி லாரியில் வைக்க வசதி. எங்காவது வெல்டிங் தவிர்க்க முடியாது என்றால் ஒட்டு நீளவாக்கில் ஓடட்டும். தண்டின் குறுக்கே, மேலும் கீழும் இழுத்த ஒட்டு இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால், சட்டம் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். மணலி, எண்ணூர்க் காற்றில் உப்பும் புகையும் சேர்ந்தே இருக்கின்றன. பெயின்ட்டை நம்பாதீர்கள். சுத்தியால் நெடுகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்தது மந்தமாகப் பேசும். சந்தேகமான ஒட்டுகளில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்துக் காயவைத்துச் சுண்ணாம்புத் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையின் மேல் கறுத்த கோடாகத் தெரியும். திறந்த சேனல் சட்டம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். மூடிய சதுரக் குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே புத்தம் புதிதாகக் காட்டும். வேலை முடிந்ததும் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) செய்ய முடிந்தால் செய்யுங்கள். மூடிய குழாய்களில், முக்கியமாகச் சுழல் குழாயில், காற்றுத் துளை இல்லாமல் உருகிய துத்தநாகத்தில் முக்கினால் வெடிக்கும். முன்னதாகத் துளை போடுங்கள். கால்வனைஸ் ஆன இரும்பின் மேல் பிற்பாடு வெல்டிங் வந்தால் அந்த இடத்தைக் கிரைண்டரால் சுத்தமாகத் தேயுங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவனுக்கு அன்று இரவே குளிர்க்காய்ச்சல் வரும்.

பேரிங்கைக் கொல்வது உப்புத்தண்ணீர். ஓடிச் சூடான ஹப்பைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நீரைத் தாங்கும் மரைன் கிரீஸ் போடுங்கள். மதகில் இறங்கும் முன் சற்று ஆறவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாதம் ஒரு முறையாவது கிரீஸை மாற்றுங்கள்.

கடைசியாக, திருவொற்றியூரிலிருந்து பண்ணைக்கு இழுத்துக்கொண்டே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. உங்கள் குவாட் பைக்குக்குப் பதிவு இல்லை, டிரெய்லரையும் நாம் மாற்றிவிட்டோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம் என்பது சாலை மட்டுமில்லை. பொதுமக்களுக்கு நுழைய உரிமையுள்ள எந்த இடமும் அதில் அடங்கும். கடற்கரையும் அப்படித்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டையும் மினி லாரியில் ஏற்றிப் பண்ணை வாசலில் இறக்குங்கள்.

முதல் நாள் வெறும் டிரெய்லரோடு ஒரு சுற்று, பிறகு மூன்று மூட்டையோடு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டையும் மறுபடி இறுக்கி, ஹப்பின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் நட்டை மிகவும் இறுக்கியிருக்கிறார்கள். காட்டர் பின்னைக் கழற்றி, நட்டை ஒரு பள்ளம் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் பின்னைப் போடுங்கள். அதன் பிறகு ஏழு மூட்டையும் ஏற்றலாம்.